யானை லத்தி அள்ளக் கட்டணம் தனி

நேற்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு வாட்ஸப்பில் ஒரு ஸ்லாத் படம் வந்து விழுந்தது. மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் சிரிக்கிற அந்தப் பிராணிதான். கீழே என் சிநேகிதி எழுதியிருந்தாள்: "இதுவும் கோஸ்டா ரிகாதான்டி. ஆமையை விட இது பெட்டர்னு தோணுது. பகல் ட்யூட்டி."

ஆமை என்று முடிவு செய்த ஈரம்கூட இன்னும் காயவில்லை. ஆமைக்கு முன்னால் யானை. யானைக்கு முன்னால் நேபாளம். அதற்கும் முன்னால் சிங்கக்குட்டி, கம்போடியா என்று வரிசை நீள்கிறது. பணி ஓய்வு பெற்ற இரண்டு பெண்கள், கையில் பாஸ்போர்ட், வைப்புநிதியில் கொஞ்சம் வட்டி, கடல் கடந்து போய் யாருக்காவது ஏதாவது நல்லது செய்தே தீருவது என்ற வெறி. உலகம் தாங்குமா?

பனகல் பார்க் பக்கம் இவளோடு சேலை எடுக்கப் போயிருக்கிறேன். கடையில் இருப்பதையெல்லாம் பிரித்துப் போடச் சொல்லுவாள். முந்தானையைத் தோளில் போட்டுப் பார்ப்பாள். கடைசியில் முதலில் பார்த்ததையே கேட்பாள். அதற்குள் அது வேறொருத்தியின் பையில் பில்லோடு போயிருக்கும். இப்போது ஏழைக் குழந்தை, காட்டு மிருகம், கடல் பிராணி எல்லாவற்றையும் அப்படித்தான் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கூட உட்கார்ந்து "இது உனக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்ல நான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எது உருப்படியான தொண்டுத் திட்டம், எது படம் காட்டிப் பணம் பறிக்கிற கடை என்பதை ஒரே ஒரு கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம். இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் உபயோகப்படும்.

முதலில் வந்தது கம்போடியா. ஒரு குழந்தைகள் இல்லம். "ரெண்டு வாரம் குழந்தைகளோட இருந்துட்டு, அப்படியே அங்கோர்வாட்டும் பார்த்துட்டு வந்துடலாம்டி" என்றாள். எனக்கு இந்த 'அப்படியே' என்ற சொல் காதில் விழுந்ததுமே ரத்த அழுத்தம் ஏறும். அந்த நாட்டில் 2005-க்கும் 2010-க்கும் நடுவில் இந்த மாதிரி இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. உள்ளே இருந்த குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். போர் ஓய்ந்து எவ்வளவோ காலம் ஆன பிறகு, அந்த ஐந்து வருஷத்தில் புதிதாக அத்தனை அனாதைகள் எங்கிருந்து முளைத்தார்கள்? பார்க்க வருகிறவர்கள் பெருகினார்கள். காட்டுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். ஏழைத் தாயிடம் "படிக்க வைக்கிறோம்" என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்து, பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் முன்னால் பாட வைக்கிறார்கள். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமை முறைக்கு எதிராகச் சட்டம் போட்டபோது இந்த வியாபாரத்தையும் அதில் சேர்த்தே பேசியது.

இதையெல்லாம் போனில் மூச்சு விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "அப்ப குழந்தை வேண்டாம். மிருகம் பார்க்கலாம். மிருகத்துக்கு இந்த அப்பா அம்மா பிரச்சினை கிடையாது" என்றாள்.

மறுநாளே தென்னாப்பிரிக்காவிலிருந்து சிங்கக்குட்டி வந்தது. தாயை இழந்த குட்டிகளாம். நாம் போய்ப் புட்டியில் பால் கொடுக்க வேண்டுமாம். இங்கேயும் அப்பா அம்மா பிரச்சினைதான். பல பண்ணைகளில் தாய் சாகவே இல்லை; பிறந்த சில நாளில் குட்டியைப் பிரித்துவிடுகிறார்கள். சின்னதாக இருக்கும் வரை நம்மைப் போன்ற தொண்டர்கள் மடியில். கொஞ்சம் வளர்ந்ததும் சுற்றுலாப் பயணிகளோடு காலை நடை. முழுதாக வளர்ந்ததும் வேலி போட்ட நிலத்தில் விட்டு, காசு கொடுத்தவன் துப்பாக்கிக்கு. 2015-இல் 'பிளட் லயன்ஸ்' என்ற ஆவணப்படம் இந்த வண்டவாளத்தை எல்லாம் வெளியே கொண்டுவந்தது. கையில் பால் குடித்த பழக்கத்தில், சுட வருகிறவனிடமும் அது வாலை ஆட்டிக்கொண்டுதான் போகுமோ என்னவோ. அன்றைக்கு நாங்கள் இருவரும் வேறு எதுவும் பேசவில்லை.

நேபாளத்தில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லித் தரும் யோசனை இரண்டு நாள் உயிரோடு இருந்தது. அவளுடையது வங்கி ஆங்கிலம். அவள் ஒரு மாதம் பாடம் நடத்தினால் அந்த மலைக் கிராமத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அம்மாவிடம் சோறு கேட்கும்போது "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்று முடிப்பார்கள். பள்ளிக்கூடம் கட்டிக் கொடுக்கிற திட்டமும் இருந்தது. 2014-இல் பிப்பா பிடில் என்ற அமெரிக்கப் பெண் ஒரு கட்டுரை எழுதினார். பள்ளி மாணவியாக இருந்தபோது தோழிகளோடு தான்சானியாவுக்குப் போய் நூலகம் கட்டினார்களாம். இவர்கள் பகலெல்லாம் கோணல்மாணலாக அடுக்கிய செங்கலை ராத்திரியில் உள்ளூர் ஆட்கள் பிரித்துவிட்டு, மறுபடி ஒழுங்காகக் கட்டி வைத்தார்களாம், குழந்தைகள் மனசு நோகக்கூடாது என்று. காலி காஸ் சிலிண்டரை வாசல் வரை உருட்டத் தெரியாத என் சிநேகிதி சித்தாள் வேலைக்குப் போனால் அந்த ஊர்க் கொத்தனார்களுக்கு இரண்டு ஷிஃப்ட் ஆகும். அதையும் விட்டோம்.

யானைக்கு வருகிறேன். யானையை நான் லேசில் விடுவதாக இல்லை.

தாய்லாந்தில் 1989-இல் காட்டு மரம் வெட்டத் தடை வந்தது. மரம் இழுத்துக்கொண்டிருந்த யானைகளுக்கும் பாகன்களுக்கும் வேலை போயிற்று. கொஞ்ச காலம் நகரத் தெருக்களில் பிச்சை; பிறகு சுற்றுலா. யானைக்குத் தீனி போட வேண்டும், பாகன் வீட்டில் அடுப்பெரிய வேண்டும், அதற்கு வெளிநாட்டுக்காரன் காசு வேண்டும். இது வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் சிநேகிதி சியாங் மாய் பக்கம் ஒரு முகாமைப் பிடித்தாள். அதன் தினசரி அட்டவணையை எனக்கு அனுப்பினாள். காலை ஏழு மணி: வாழைப்பழம், கரும்பு நறுக்குதல். எட்டரை: வாழிடப் பராமரிப்பு. பத்தரை: தேநீர். மறுபடி வாழிடப் பராமரிப்பு.

'வாழிடப் பராமரிப்பு' என்றால் என்ன என்று எழுதிக் கேட்டேன். மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. லத்தி அள்ளுவது.

யானை ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ வரை தின்னும். அதில் பாதிகூட அதற்குச் செரிக்காது. மிச்சம் அப்படியே திரும்பி வரும். கொடுத்ததில் பாதிக்கு மேல் அன்றன்றே திருப்பித் தருகிற ஜீவனை, ஆயுள் முழுக்க வாராக்கடன் பிரிவில் காலம் தள்ளிய என் சிநேகிதி அதற்கு முன் பார்த்ததே இல்லை. புல்லரித்துப் போனாள்.

நான் கணக்குப் போட உட்கார்ந்தேன். அவர்கள் கேட்ட தொகை, நாட்கள், ஒரு நாளைக்கு எத்தனை கூடை என்று அவர்களே சொன்ன எண்ணிக்கை. வகுத்துப் பார்த்தால் கூடைக்கு நானூறு ரூபாய்க்குக் குறையாமல் வந்தது. யானைக்காரர் நமக்குத் தருவது அல்ல. அள்ளுகிற நாம் அவருக்குக் கட்ட வேண்டியது. நூறு நாள் வேலையில் வரப்பு வெட்டுகிற பெண்கள் கூலி இன்னும் வரவில்லை என்று பஞ்சாயத்து அலுவலக வாசலில் நிற்கிறார்கள். 2025 ஆகஸ்டில் சென்னைத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்து போராடியதைப் பார்த்தோம். அள்ளத் தெரிந்தவர்கள் எல்லாம் சம்பளம் கேட்டுக்கொண்டிருக்க, அள்ளத் தெரியாத நாங்கள் இரண்டு பேர் அட்வான்ஸ் கட்டக் கிளம்பினோம். மண்வெட்டி அவர்கள் தருவார்கள். கையுறை நாம் கொண்டுபோக வேண்டும். பூட்ஸ் வாடகைக்கு.

கடைசி நாளில் சான்றிதழ் உண்டாம். அதை எங்கே மாட்டுவது? கூடத்தில் அவள் மகனின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்திலா?

கும்பகோணத்தில் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கோயில் யானை தெருவோடு போகும். அது லத்தி போட்டுவிட்டு நகர்ந்த அடுத்த நிமிஷம் பாட்டி எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவாள். சூடு ஆறுவதற்குள் மிதிக்க வேண்டும். மிதித்தால் காலில் பித்தவெடிப்பு வராது, பலம் வரும். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்போம். விரலிடுக்கில் வைக்கோல் வைக்கோலாகப் பிதுங்கும். அடியில் வெதுவெதுப்பு, மேலே ஆவி. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிப்போம். யாரும் எங்களிடம் கட்டணம் கேட்டதில்லை. எங்களுக்குப் பித்தவெடிப்பு வராமலும் இல்லை.

இதைச் சொன்னபோது என் சிநேகிதி, "அதான்டி, நாய் பூனை மாதிரி இல்ல. யானை சுத்த சைவம்" என்றாள். அது யானைக்கு ஆதரவான வாதமாம். பால்கனியில் புறா எச்சம் இருக்கிறது, ஆள் வரட்டும் என்று ஒரு வாரம் பால்கனிக் கதவையே திறக்காதவள் இவள்.

அவள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவிடமும் விஷயம் போயிற்று. துடைப்பத்தைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்: "ஏம்மா, அந்த ஊர்ல ஆளே கிடைக்கலியா?" கிடைக்கிறார்கள், ஆனால் நாங்கள் காசு கொடுத்து அள்ளினால் அந்தக் காசில் யானைக்குச் சாப்பாடு என்று விளக்கினாள். "அப்ப காசை மட்டும் அனுப்பிட்டா?" பதில் இல்லை. "இல்லாட்டி டிக்கெட் போட்டுக் குடுங்க, நான் போயிட்டு வரேன். ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்." இதுவரை இந்த விவகாரத்தில் பேசிய அத்தனை பேரிலும் விஷயம் தெரிந்து பேசியவர் அவர் ஒருவர்தான். ஏஜென்சிக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

லத்தியில் காகிதம் செய்கிறார்கள் என்று இன்னொரு தகவல். செரிக்காத நாரெல்லாம் அதில் இருக்கிறதல்லவா. கழுவி, வேகவைத்து, கூழாக்கி, சல்லடையில் பரப்பிக் காய வைக்கிறார்கள். நோட்டுப் புத்தகம், வாழ்த்து அட்டை, புத்தகக் குறி. ஆக, அவள் கூடைக்கு நானூறு கொடுத்து அள்ளியதை, அவர்கள் அட்டையாக்கி, அதை அவளே மறுபடி விலை கொடுத்து வாங்கி, பொங்கல் வாழ்த்து எழுதி எனக்கு அனுப்புவாள். நான் அதை மோந்து பார்ப்பேன். வாசனை வராது என்று சத்தியம் செய்கிறார்கள். சத்தியம் செய்கிற அளவுக்கு ஒன்று இருக்கிறது என்றால் சந்தேகம் வராதா? போதும். ஆசிரியர் கொடுத்த இடத்தில் பாதியை லத்தியே தின்றுவிட்டது. நீலகிரி தெப்பக்காட்டில் நம் முகாம் இருக்கிறது, அங்கே குட்டி யானை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் வாங்கியது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அங்கே போய் லத்தி அள்ளலாமே என்று கேட்டேன். "முதுமலைக்கு யாருடி ஃபோட்டோ போடுவா?" என்றாள்.

யானையும் கடைசியில் கைவிட்டுப் போனதற்குக் காரணம் லத்தி அல்ல. இப்போது ஒழுங்காக நடக்கிற முகாம்களில் யானை மேல் ஏற விடுவதில்லை, குளிப்பாட்ட விடுவதில்லை. தள்ளி நின்று பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "தொடவே விடமாட்டாங்களாம்டி. அப்புறம் எதுக்கு அவ்வளவு தூரம்?"

அந்த ஒரு கேள்வி என்று சொன்னேனே, அதைச் சொல்ல இதுதான் சரியான இடம். ஆனால் செரெசோலைப் பற்றித் தெரியாமல் அதைச் சொன்னால் எடுபடாது. பியர் செரெசோல் ஒரு சுவிஸ் இன்ஜினியர். அப்பா அந்த நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர். பிள்ளையோ போருக்கு வரி கட்டமாட்டேன் என்று ஜெயிலுக்குப் போனவர். முதல் உலகப்போர் முடிந்ததும் 1920-இல் பிரான்சில் வெர்டன் பக்கம் எஸ்ன் என்ற கிராமத்துக்கு, நேற்று வரை எதிரிகளாக இருந்த நாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய், இடிந்த ஊரைச் சீர்செய்ய மண்வெட்டியோடு இறங்கினார். நாடு விட்டு நாடு போய் உடலுழைப்பு செய்கிற இந்தப் பழக்கத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி. 1934 ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் புரட்டிப் போட்டதும் இங்கேயும் வந்தார். காந்தியைப் பார்த்தார். முப்பத்தேழு வரை வந்து வந்து தங்கி, கூட நாலைந்து பேரை வைத்துக்கொண்டு, வெள்ளம் ஏறாத மேட்டில் கிராமங்கள் எழும்ப வேலை செய்தார். கப்பலில் வந்து பீகார் வெயிலில் மண் சுமந்த மனுஷன் 'அப்படியே தாஜ்மஹாலும்' என்று சொன்னதாகத் தெரியவில்லை.

இதற்கு என் சிநேகிதி ஒரு பதில் வைத்திருந்தாள். "லிலியன் கார்ட்டர் வரலையா? அறுபத்தெட்டு வயசுலடி!" வந்தார், வாஸ்தவம். 1966-இல், பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் அம்மா, அமைதிப் படையில் சேர்ந்து பம்பாய் விக்ரோலியில் மருத்துவமனை வேலை பார்த்தார். ஆனால் அந்த அம்மா நர்ஸ். ஊசி போடத் தெரியும், கட்டுக் கட்டத் தெரியும்; ஏறக்குறைய இரண்டு வருஷம் இருந்தார். உனக்கு என்ன தெரியும், கடன் கட்டாதவனுக்கு நோட்டீஸ் எழுதத் தெரியும். எனக்கு என்ன தெரியும், புரூஃப் பார்க்கத் தெரியும். ஆமைக்கு ஒற்றுப்பிழை திருத்திக் கொடுக்கலாம்.

அப்படித்தான் ஆமையில் வந்து நின்றோம். கோஸ்டா ரிகாவின் கரீபியக் கரையில் டோர்ட்டுகேரோ. அங்கே 1950-களிலேயே ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விஞ்ஞானி பச்சைக் கடலாமைகளை எண்ண ஆரம்பித்தார். 1959-இல் தொடங்கிய பாதுகாப்பு அமைப்பு இன்றைக்கும் வேலை செய்கிறது. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை பருவம். ராத்திரியில் கரை நெடுக நடக்க வேண்டும். கறுப்பு உடை. வெள்ளை வெளிச்சம் கூடாது, கேமரா கூடாது. ஆமை மேலேறி வந்து குழி பறித்து நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுப் போகும் வரை வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். 'கேமரா கூடாது' என்ற வரியை அவள் படித்த நாளைக்கும் ஸ்லாத் வந்த நாளைக்கும் இருக்கிற இடைவெளியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. போதாததற்கு அந்த ஊரில் காலை டிஃபனே சோறும் கறுப்பு பீன்ஸும். "காலங்காத்தால சோறா?" என்று அவள் கேட்ட குரலில் கொலை பாதகத்தைக் கேள்விப்பட்ட அதிர்ச்சி.

அவளுக்கு டல்லாஸில் மகன். ஆகவே டல்லாஸ் வழியாகத்தான் போயாக வேண்டும். அவளிடம் பத்து வருஷ அமெரிக்க விசா இருக்கிறது. அதை வைத்தே கோஸ்டா ரிகாவுக்குள்ளும் நுழைந்துவிடலாம். என்னிடம் இல்லை. ஆமை பார்ப்பதற்காக நான் ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்தில் அமெரிக்கத் தூதரக வாசலில் ஃபைலோடு நிற்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பையன் கேட்பான், எதற்குப் போகிறீர்கள் அம்மா? ஆமை முட்டை காவலுக்கு. உங்கள் ஊர்க் கடலில் ஆமை கிடையாதா? இருக்கிறது. எங்கே? என் வீட்டுக்குப் பின்னால்.

விளையாட்டில்லை. நான் இருப்பது திருவான்மியூரில். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, என் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிற மணலில், 1988-லிருந்து மாணவர்கள் ஒரு அமைப்பாகச் சேர்ந்து ராத்திரி ராத்திரி நடக்கிறார்கள். ஜனவரியில் ஆரம்பித்து மூன்று நான்கு மாதம். பங்குனி ஆமை முட்டையிட்டுப் போனதும் மெல்ல எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுகிறார்கள். 2025 ஜனவரியில் இதே கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இழுவலையில் மாட்டி மூச்சு முட்டிச் செத்தவை என்றார்கள். காலை நடைக்குப் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனார்கள். நாங்கள் இருவரும் இப்போது எந்த நாட்டு ஆமை நல்ல ஆமை என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்று காலை போனில் ஸ்லாத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச விடாமல் இதை எல்லாம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டாள். "நல்ல ஐடியாடி" என்றாள். "பெசன்ட் நகர்ல முதல்ல ஒரு தடவை நடந்து பார்த்துடலாம். கோஸ்டா ரிகாவுக்கு ரிஹர்சல் மாதிரி ஆச்சு. எவ்வளவு ஃபீஸ்?"

ஃபீஸ் கிடையாது என்றேன்.

"சும்மாவா கூட்டிட்டுப் போறாங்க? யாருடி அவங்க? நல்லா விசாரிச்சியா?"

விசாரித்தேன், காலேஜ் பிள்ளைகள் என்றேன். அவளுக்குத் திருப்தி இல்லை. நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி விடியற்காலையில் முடியுமாமே, அந்த நேரத்தில் பெசன்ட் நகரிலிருந்து அண்ணா நகருக்கு எந்த ஆட்டோக்காரன் வருவான், வந்தாலும் என்ன கேட்பான் என்று ஆரம்பித்தாள். டோர்ட்டுகேரோவில் மட்டும் மீட்டர் போட்டுக்கொண்டு நிற்பானா என்று கேட்டேன். அந்த ஊருக்கு ரோடே கிடையாது, படகில்தான் போகவேண்டும், அதனால் அங்கே ஆட்டோ பிரச்சினை வராது என்கிறாள்.